வளரறி மதிப்பீடு வகுப்பில் வேலை செய்யவில்லையா? கணினி ஆசிரியர் பயிற்சிக்கான பிழை நீக்கும் வழிமுறை

மதுரை மாவட்டத்து மேல்நிலைப் பள்ளிகளில் கணினி அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குப் பணியிடைப் பயிற்சி அளிக்கும் கருத்தாளர்களுக்காக இது எழுதப்படுகிறது. பாடம் நடக்கும்போதே மாணவர்களின் புரிதலை அறிந்து, அதற்கேற்பக் கற்பித்தலை மாற்றிக்கொள்வதே வளரறி மதிப்பீடு. பயிற்சி நன்றாகவே நடந்திருக்கும். வந்தவர்கள் பாராட்டி எழுதிக் கொடுத்துவிட்டும் போயிருப்பார்கள். சில வாரங்கள் கழித்து மேலூரிலோ பேரையூரிலோ ஒரு வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான், வளரறி மதிப்பீடு என்ற பெயரில் வேறு ஏதோ நடந்துகொண்டிருப்பது தெரிய வரும். அப்போது கண்ணில் படும் அறிகுறிகளையும், அவற்றின் காரணங்களையும், அடுத்த பயிற்சியில் எதை மாற்ற வேண்டும் என்பதையும் கீழே காணலாம். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. நீங்கள் கண்ட அறிகுறிக்கு நேராகச் செல்லலாம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். மாணவர்களின் விடையைக் கேட்ட பிறகு, ஆசிரியர் தாம் செய்யவிருந்ததில் எதையாவது மாற்றினாரா? மாற்றியிருந்தால் முறை உயிரோடு இருக்கிறது, சிறு பழுதுகளைப் பார்த்தால் போதும். மாற்றவில்லை என்றால், அவர் கையில் எத்தனை அட்டைகளும் செயலிகளும் இருந்தாலும் நான்காவது அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்.

1. "புரிஞ்சுதா?" என்றால் வகுப்பே தலையாட்டுகிறது, விடைத்தாளில் ஒன்றும் இல்லை

பழுது கேள்வியில் இருக்கிறது. "இல்லை" என்று சொன்னால் நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது எந்த மாணவருக்கும் தெரியும்; ஆகவே "புரிஞ்சுது சார்" என்பது மரியாதைக்குச் சொல்லும் சொல்லே தவிர, புரிதலைப் பற்றிய தகவல் அன்று. அந்தக் கேள்வியின் இடத்தில், நிரலை இயக்குவதற்கு முன்பே அதன் விளைவைக் கணிக்கச் சொல்லும் கேள்வியை வைக்க வேண்டும். பைத்தான் நிரல்மொழியில் மதிப்பிருத்தல் (மாறி எனப்படும் பெயரிட்ட இடத்தில் ஒரு மதிப்பை வைத்தல்) நடத்திய அன்று இந்த நான்கு வரிகளைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள்:

அ = 5
ஆ = 8
அ = ஆ
ஆ = அ

இறுதியில் இரண்டு மாறிகளிலும் என்ன இருக்கும்? சரியான விடை 8, 8. ஆனால் இந்தக் கேள்வியின் பயன் தவறான விடைகளில்தான் இருக்கிறது. 8, 5 என்று எழுதிய மாணவர், நிரலை எழுதியவரின் நோக்கம் இடமாற்றம் என்று ஊகித்து, கணினியும் அப்படியே ஊகித்துக்கொள்ளும் என்று நம்புகிறார். கணினிக்குள் நம் எண்ணத்தை அறிந்துகொள்ளும் மனம் ஒன்று ஒளிந்திருப்பதாக நினைக்கும் இந்தப் போக்கை ராய் பீ என்ற ஆய்வாளர் 1986இலேயே விவரித்திருக்கிறார். 5, 5 என்று எழுதியவர் சமக்குறியை இடமிருந்து வலமாகப் படிக்கிறார். "பிழை வரும், ஐந்தும் எட்டும் சமமில்லையே" என்பவர் கணக்கு வகுப்பின் சமன்பாட்டை இங்கே கொண்டுவந்திருக்கிறார். மூவருக்கும் வேண்டிய விளக்கம் வேறு வேறு. முதலாமவரை வரிக்கு வரி அட்டவணை போட்டு மதிப்புகளை எழுத வைக்க வேண்டும். இரண்டாமவருக்கு "வலப்பக்கத்தைக் கணக்கிட்டு, இடப்பக்கத்து மாறியில் வை" என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கமே போதும். மூன்றாமவருக்கு ஒற்றைச் சமக்குறியையும் இரட்டைச் சமக்குறியையும் அருகருகே வைத்துக் காட்ட வேண்டும். (பைத்தான் 3 மாறிகளின் பெயராகத் தமிழ் எழுத்துகளையும் ஏற்கும் என்பதால், இதை அப்படியே தட்டச்சு செய்து இயக்கலாம். தமிழ்வழி மாணவர்களுக்கு அதுவே ஒரு வியப்பு.)

பயிற்சியில் செய்ய வேண்டிய மாற்றம்: ஆயத்தக் கேள்விகளை அச்சிட்டுக் கொடுப்பதை நிறுத்துங்கள். காலாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டு ஒன்றை ஒவ்வோர் ஆசிரியரும் கொண்டுவரட்டும். அதிலிருந்து தவறான விடைகளை முதலில் பொறுக்கியெடுத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் என்ன எண்ணம் இருந்திருக்கும் என்று எழுதிய பிறகு, அந்த எண்ணத்தை வெளிக்கொண்டு வரும் கேள்வியை அவர்களே உருவாக்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் ஆசிரியருக்குப் பாடத்தின் மீதுள்ள பிடிப்பு இங்குதான் வெளிப்படுகிறது. ஒரு நாள் பயிற்சியில் பாதி நாளை இதற்கே கொடுத்தாலும் தகும்.

2. கேள்விக்கு எல்லாரும் சரியாகவே விடை சொன்னார்கள். மறுவாரம் அதே இடத்தில் தவறுகிறார்கள்

தவறாக எண்ணுபவரும் சரியான விடைக்கு வந்து சேரக்கூடிய கேள்வியை ஆசிரியர் கேட்டிருப்பார். "ரேஞ்ச்(5) என்று எழுதினால் மடக்கு (திரும்பத் திரும்ப இயங்கும் பகுதி) எத்தனை முறை சுழலும்?" என்பது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 0 முதல் 4 வரை என்று அறிந்தவரும் ஐந்து என்பார். 1 முதல் 5 வரை என்று நம்புபவரும் ஐந்து என்பார். அதையே "கடைசியாக அச்சாகும் எண் எது?" என்று மாற்றிக் கேட்டால் ஒருவர் 4 என்றும் மற்றவர் 5 என்றும் பிரிந்துவிடுவார்கள்.

இதேபோல, இன்புட் கட்டளை வழியாக இரண்டு எண்களை வாங்கிக் கூட்டும் நிரலில், பயனர் 5ஐயும் 8ஐயும் கொடுத்தால் என்ன வரும் என்று கேட்பது, வாங்கப்படுவது எண்ணாக அல்லாமல் சரமாகவே (எழுத்துத் தொடராகவே) வரும் என்பதை யார் அறிவார் என்று காட்டிவிடும். அறிந்தவர் 58 என்பார், அறியாதவர் 13 என்பார். பயனர் 0ஐயும் 5ஐயும் கொடுப்பதாகக் கேட்டாலோ, ஒருவர் 05 என்றும் மற்றவர் 5 என்றும் சொல்வார்கள். சத்தமான வகுப்பில் அந்த வேறுபாடு ஆசிரியரின் காதில் விழாமலே போகலாம். எண்களைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பயிற்சியில், ஒருவர் எழுதிய கேள்வியை அடுத்தவர் கையில் கொடுத்து, "தவறாக எண்ணிக்கொண்டே இதற்குச் சரியான விடை சொல்ல முடியுமா, முயன்று பாருங்கள்" என்று சொல்லுங்கள். முடிந்தால் அந்தக் கேள்வி திருத்தத்திற்குத் திரும்ப வேண்டும்.

3. விடை சொல்வது முன்வரிசையில் நாலு பேர் மட்டுமே

கையுயர்த்தியவரை அழைக்கும் வழக்கம் ஒரு காரணம். காத்திருக்காமை இன்னொரு காரணம். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடிக்கு நீட்டினாலே விடைகள் நீண்டும் தெளிந்தும் வருகின்றன என்றும் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்தார். நிரல் சார்ந்த கேள்விக்கு மூன்று விநாடியும் போதாது. நான்கு வரி நிரலை மனத்தில் ஓட்டிப் பார்க்க அரை நிமிடமாவது வேண்டும், அந்த அரை நிமிட அமைதியைத் தாங்குவது பல ஆசிரியர்களுக்கு வகுப்பைக் கட்டுப்படுத்துவதைவிடக் கடினமாக இருக்கிறது.

எல்லாரும் ஒரே நேரத்தில் விடையைக் காட்டும்படி செய்வதே தீர்வு. ஏ4 தாளை நான்காக மடித்து, மடிப்புக்கு ஒரு விடைத்தெரிவின் எழுத்தாக எழுதி வைத்தால் போதும். ஆசிரியர் "காட்டுங்க" என்று சொன்ன பிறகே தாள் உயர வேண்டும். ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1990களில் வழக்கத்துக்குக் கொண்டுவந்த அளவுகோல் இங்கும் உதவும்: சரியான விடை ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காடு வரை இருந்தால், விடையைச் சொல்லாமல் அருகிலிருப்பவரோடு பேசவிட்டு மீண்டும் ஒரு முறை காட்டச் சொல்லலாம். அதற்குக் குறைந்தால் பேசவிடுவதில் பயனில்லை, மறுபடியும் நடத்த வேண்டும். கூடினால் ஓரிரு சொல்லில் விளக்கிவிட்டு மேலே போகலாம்.

4. பதிவேடு நிறைந்திருக்கிறது; மறுநாள் பாடம் மட்டும் ஏற்கெனவே எழுதிய பாடக்குறிப்பின்படியே நடக்கிறது

எல்லாவற்றிலும் பரவலானதும், கண்டுபிடிக்கச் சற்றுக் கடினமானதும் இதுவே. ஏனெனில் வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கும். சிறுதேர்வுத் தாள்கள் கட்டப்பட்டு, மதிப்பெண் பட்டியல் நேர்த்தியாக எழுதப்பட்டு, பார்வையிட வருபவர் கையெழுத்தும் வாங்கப்பட்டிருக்கும்.

இதன் வேர் பழையது. தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தபோது, வளரறிக்கு 40, பருவ இறுதித் தேர்வான தொகுத்தறிக்கு 60 என்று மதிப்பெண் பிரிக்கப்பட்டது. வளரறிக்குள்ளும் செயல்பாடுகளுக்கு ஒரு பகுதி, சிறுதேர்வுகளுக்கு ஒரு பகுதி. மேல்நிலை வகுப்புகளுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. அங்கே கணினி அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10 என்றே கணக்கு. இருந்தும், வளரறி மதிப்பீடு என்றால் எங்காவது ஒரு கட்டத்தில் எண் எழுத வேண்டும் என்ற எண்ணம் கீழ்வகுப்புகளிலிருந்து மேலேறி வந்துவிட்டது. மைக்கேல் ஸ்க்ரிவன் 1967இல் வளரறி, தொகுத்தறி என்ற பாகுபாட்டை முன்வைத்தபோதும், கல்வி ஆய்வாளர்கள் பால் பிளாக்கும் டிலன் வில்லியமும் ஏறத்தாழ 250 ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் எழுதியபோதும், எண்ணை முதன்மைப்படுத்தவில்லை. கிடைத்த தகவலைக் கொண்டு கற்பித்தலை மாற்றுவதே அவர்களின் பேச்சு. அதைச் செய்யாத சிறுதேர்வு, நாடி பிடித்துப் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டு எழுதாமல் அனுப்பும் வைத்தியருக்கு ஒப்பாகும்.

சோதிக்கும் முறை எளிது. பதிவேட்டை மூடி வைத்துவிட்டு ஆசிரியரிடம், "போன சிறுதேர்வைப் பார்த்த பிறகு எதை விட்டீர்கள், எதைச் சேர்த்தீர்கள்?" என்று கேளுங்கள். "வீக் ஸ்டூடண்ட்ஸ் லிஸ்ட் எடுத்தேன்" என்பது விடையாகாது. அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு எந்தக் கருத்து வரவில்லை என்பதைச் சொல்ல முடிந்தால்தான் விடை.

தீர்வு, முடிவைக் கேள்விக்கு முன்பே எழுதிவிடுவது. பயிற்சியில் ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு தாளை மூன்று பத்தியாகக் கோடு போடட்டும். முதல் பத்தியில் கேள்வி. இரண்டாவதில் எதிர்பார்க்கும் தவறான விடைகள். மூன்றாவதில், அந்த விடை வகுப்பில் பரவலாக வந்தால் அடுத்த பத்து நிமிடத்தில் என்ன செய்வேன் என்பது. எடுத்துக்காட்டாக, செயற்கூறுகளை (பெயரிட்டு அழைக்கும் நிரல் பகுதிகளை)ப் பற்றிய பாடத்தில், விடையை அச்சிடுவதையும் திருப்பி அனுப்புவதையும் ஒன்றாகக் கருதும் குழப்பம் பரவலாக வந்தால், அச்சிடும் செயற்கூற்றின் விளைவை ஒரு மாறியில் வைத்து, அந்த மாறியோடு 1ஐக் கூட்டச் சொல்லி, பிழை வருவதைக் காட்டுவேன் என்று எழுதலாம். மூன்றாவது பத்தியில் எழுத ஒன்றும் இல்லை என்றால் அந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டாம். "மீண்டும் விளக்குவேன்" என்று எழுதுபவர்களை விடாதீர்கள். முதல் முறை புரியாத விளக்கத்தை இன்னும் உரக்கச் சொல்வதே பெரும்பாலும் அதன் பொருள்.

ஒரு சிறு இடையூறையும் இங்கே சொல்லிவிடலாம். வெளியேறும் முன் ஒரு துண்டுத்தாளில் விடை எழுதி வாங்குவது நல்ல உத்தி என்று பயிற்சிகளில் சொல்லப்படுகிறது. கடைசிப் பாடவேளையில் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பிள்ளைகள் அந்தத் தாளில் எதை எழுதுவார்கள்? அடுத்த வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்திற்கு அதை மாற்றிவிடுங்கள். நேற்றையது எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

5. செய்முறை ரெக்கார்டில் நிரல் பிழையின்றி இருக்கிறது. ஓர் எண்ணை மாற்றச் சொன்னால் கை நின்றுவிடுகிறது

செய்முறைத் தேர்வுக்கான நிரல்கள் முன்கூட்டியே தெரிந்தவை என்பதால், மாணவர்கள் அவற்றைச் செய்யுள் போல மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆசிரியரும் திரையில் சரியான விளைவு வந்ததா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டு விடுகிறார். இதில் மாணவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கேட்டதைக் கொடுத்திருக்கிறார்.

கேட்பதை மாற்ற வேண்டும். கணினிக் கல்வி ஆய்வாளர் சூ சென்டன்ஸும் அவருடன் பணியாற்றியோரும் வகுத்த முறையில் கணித்தல், இயக்கல், ஆராய்தல், மாற்றியமைத்தல், புதிதாக உருவாக்கல் என்று ஐந்து படிகள் உண்டு. நம் ஆய்வக வகுப்புகளில் பெரும்பாலும் இரண்டாவது படி மட்டுமே நடக்கிறது. ரெக்கார்டில் கையெழுத்திடுவதற்கு முன் ஒரே ஒரு மாற்றத்தைக் கேட்கச் சொல்லுங்கள்: ஒற்றைப்படை எண்களை அச்சிடும் நிரல் என்றால், அதே எண்களை இறங்குவரிசையில் அச்சிட எந்த வரியைத் தொட வேண்டும்? விரலை வைத்துக் காட்டினால் போதும், தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

தட்டச்சுப் பிழைகளில் நேரம் போகிறது என்றால், டேல் பார்சன்ஸும் பாட்ரிஷியா ஹேடனும் 2006இல் அறிமுகப்படுத்திய வரிசைப்படுத்தும் புதிர்கள் இருக்கின்றன. ரெக்கார்டு நிரலை வரிவரியாக வெட்டிக் கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல்வதுதான் முறை. பைத்தானில் உள்தள்ளலும் (வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியும்) பொருள் உடையது என்பதால், துண்டுகளை எவ்வளவு தள்ளி வைக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். மடக்கிற்குள் இருக்க வேண்டியதை வெளியே வைப்பவர் யார் என்பது நின்ற இடத்திலிருந்தே தெரியும்.

ஒரு கணினிக்கு மூன்று பேர் உட்காரும் ஆய்வகங்களில், விசைப்பலகையைத் தொடாதவரிடமே கேள்வி கேட்க வேண்டும் என்பதை விதியாக்குங்கள். கேள்வி தம்மிடம்தான் வரும் என்று தெரிந்தால், வேடிக்கை பார்ப்பவர் திரையைப் பார்க்கத் தொடங்குவார்.

6. சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி வந்ததும் "சார்!" என்று எல்லாக் கைகளும் உயர்கின்றன

ஆசிரியர் ஓடி ஓடித் திருத்திக் கொடுப்பதால், யாருக்கு எது தெரியவில்லை என்பதே அவருக்குத் தெரியாமல் போகிறது. பைத்தானின் பிழைச்செய்தியில் கடைசி வரியை முதலில் படிக்க வேண்டும், பிழையின் வகை அங்கேதான் இருக்கிறது, வரி எண் அதற்கு மேலே இருக்கிறது என்பதை ஒரு முறை காட்டிவிட்டு, அழைப்பதற்கு முன் வரி எண், பிழையின் வகை, தம் ஊகம் ஆகியவற்றைத் துண்டுத்தாளில் எழுத வேண்டும் என்று வையுங்கள். பாதிப் பேர் எழுதும்போதே தாமாகத் திருத்திக்கொள்வார்கள். மீதித் தாள்கள் அடுத்த வகுப்புக்கான கேள்விகளாகும்.

7. பக்கம் பக்கமாகத் திருத்தியும் அதே தவறுகள் திரும்ப வருகின்றன

மதிப்பெண்ணும் குறிப்பும் ஒரே தாளில் இருந்தால், மாணவர் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் தாளை மடித்துவிடுகிறார். ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண் பெற்றவர்களும், மதிப்பெண்ணோடு குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களும் அவ்வாறு முன்னேறவில்லை. அகமதிப்பீட்டுக்கு மதிப்பெண் தேவைதான். அதை ஆசிரியர் தம் ஏட்டில் எழுதிக்கொள்ளட்டும். மாணவர் தாளில் "நன்று", "முயற்சி தேவை" என்பவற்றுக்கு மாறாக, "6ஆம் வரியில் நிபந்தனை எப்போது பொய்யாகும்? இரண்டு மதிப்புகளைப் போட்டுப் பார்" என்பது போல ஒரு வேலை இருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்ய வகுப்பிலேயே பத்து நிமிடம் ஒதுக்கவில்லை என்றால், குறிப்பு எழுதிய உழைப்பு வீண்.

8. செயலி திறக்கவில்லை, இணையம் இல்லை, மின்சாரம் இல்லை

தாளுக்குத் திரும்புங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் நடக்காத முறை, மற்ற நாள்களிலும் அதிக நாள் நீடிக்காது. செயலியே வேண்டும் என்பவர்களுக்கு, உயர்த்திக் காட்டும் அட்டைகளைச் செல்பேசிக் கேமராவால் படிக்கும் பிளிக்கர்ஸ் பொருந்தும். மாணவர் கையில் அச்சிட்ட அட்டையும் ஆசிரியர் கையில் இணைய இணைப்புள்ள ஒரு செல்பேசியும் இருந்தால் போதும்.

9. "இதெல்லாம் செஞ்சா போர்ஷன் முடியாது சார்"

இதைச் சாக்கு என்று தள்ளிவிடக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியரின் அச்சம் உண்மையானது. தலைமையாசிரியர் கேட்பதும் அதைத்தான். ஒரு பாடத்திற்கு ஒரே ஒரு கணிக்கும் கேள்வி, மொத்தம் ஐந்து நிமிடம் என்று வரையறுத்துத் தொடங்கச் சொல்லுங்கள். எல்லாரும் சரியாகச் சொன்ன பகுதியை நடத்தாமல் விட ஆசிரியருக்கு அனுமதி உண்டு என்பதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நேரம் மிச்சமாவது அங்கேதான். பொங்கல் விடுமுறையும் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டும் முடிந்து திருப்புதல் தேர்வுகள் தொடங்கிய பிறகு, புதிதாக எதையும் புகுத்த முயலாதீர்கள். ஜூன், ஜூலையில் பதினோராம் வகுப்பில் தொடங்குவதே சரியான பருவம்.

10. பயிற்சியில் உற்சாகம், இரண்டு மாதத்தில் சுவடில்லை

பெரும்பாலான பள்ளிகளில் கணினி ஆசிரியர் ஒருவரே. தமிழாசிரியருக்கும் கணித ஆசிரியருக்கும் ஆசிரியர் அறையில் கிடைக்கும் சக ஆசிரியர் பேச்சு அவருக்குக் கிடைப்பதில்லை. ஒரு கேள்வி பலிக்காமல் போனால் யாரிடம் கேட்பார்? டி.கல்லுப்பட்டியிலுள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்திலோ வட்டார வள மையத்திலோ ஆண்டுக்கு ஒரு முறை கூடுவது இதற்கு ஈடாகாது. மேலூர், கொட்டாம்பட்டி ஒரு குழுவாகவும், உசிலம்பட்டி, செல்லம்பட்டி, சேடப்பட்டி ஒரு குழுவாகவும், எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் மாதம் ஒரு முறை கூடட்டும். ஒவ்வொருவரும் தாம் கேட்ட ஒரு கேள்வியையும், அதற்கு வந்த விடைத்தாள்களையும் கொண்டுவர வேண்டும் என்பதே நிபந்தனை. விடைத்தாள் இல்லாமல் வருபவர் அன்று கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். வாட்ஸாப் குழு ஒன்றே போதும் என்று விட்டுவிட்டால், அது விரைவில் சுற்றறிக்கைகளும் காலை வணக்கங்களும் நிறைந்ததாகிவிடும்.

11. பயிற்சிக் கூடத்திலேயே ஆசிரியர்கள் விடை சொல்லத் தயங்குகிறார்கள்

சக ஆசிரியர்கள் முன்னிலையில் நிரல் கேள்விக்குத் தவறாக விடை சொல்வது, குறிப்பாக சி++ என்ற நிரல்மொழியில் பழகிப் பைத்தானுக்கு வந்தவர்களுக்கு, மாணவரின் கூச்சத்தைவிடப் பெரிய கூச்சம். பெயர் எழுதாத துண்டுத்தாளில் விடை வாங்குங்கள். "உங்கள் விடை என்ன?" என்று கேட்காமல், "உங்கள் வகுப்பில் அதிகம் வரக்கூடிய தவறான விடை எது, ஏன்?" என்று கேட்டால், தமக்கே தெளிவில்லாதவரும் முகம் சுருங்காமல் பங்கெடுக்க வழி இருக்கும். தாள்களை உணவு இடைவேளையில் பிரித்துப் பாருங்கள். கூடத்தில் பாதிப் பேருக்கு மாறிகளின் வரையெல்லையில் (ஒரு மாறி நிரலின் எந்தப் பகுதியில் செல்லும் என்பதில்) தெளிவில்லை என்று தெரிந்தால், மதியத்திற்கு வைத்திருந்த சிலைடுகளை ஒதுக்கிவிட்டு அதை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த விடைகளைப் பார்த்து, எவற்றை ஒதுக்கினீர்கள் என்பதையும் அமர்வைத் தொடங்கும்போதே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.